வலது முன்சக்கரம்

எழுபத்து நாலாம் வருஷம், மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், இருட்டு முழுதாக விலகாத நேரத்தில் மேல்கொம்பைத் தேயிலை எஸ்டேட் லாரி கோயம்புத்தூருக்குப் புறப்பட்டது. ஓட்டியவர் சின்னராஜ். பக்கத்தில் மடியில் ஒரு சாப்பாட்டுத் தூக்கோடு பரமசிவன் உட்கார்ந்திருந்தார். தூக்கில் இருந்தது அவருக்கான சாப்பாடு இல்லை. ரயிலில் வரும் பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள் என்று அவருடைய மனைவி காத்தாயி நாலு மணிக்கே எழுந்து கிண்டிய உப்புமா அது.

மண்டபம் முகாமிலிருந்து, இந்தியா திரும்பிய சிலோன்காரர்கள் இருபது குடும்பங்கள் அன்று காலை கோயம்புத்தூரில் இறங்குவதாக ஏற்பாடு. அதில் எட்டுக் குடும்பங்கள் மேல்கொம்பைக்கு. மிச்சமுள்ளவர்கள் பதினொன்றரை மணி மங்களூர் வண்டியில் ஏறி, கர்நாடகத்தில் சுள்ளியாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போகவேண்டும். முகாமிலிருந்து வந்த கடிதத்தை எஸ்டேட் கிளார்க் சில்வஸ்டர் பரமசிவனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டியிருந்தார். பதினோரு மணிக்குள் எஸ்டேட் ஆள் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொள்ளாத குடும்பங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்களோடு அனுப்பப்படும், அங்கே இன்னும் இடம் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

அந்த எட்டில் ஒன்று, பரமசிவனின் தங்கை ஆண்டாயியின் குடும்பம். அவள், அவள் புருஷன் முத்துவேல், இரண்டு பிள்ளைகள். அண்ணனும் தங்கையும் இந்தியா திரும்ப ஒரே நாளில்தான் மனுப்போட்டார்கள். அண்ணனுக்கு அனுமதி முன்னால் வந்துவிட்டது, தங்கைக்கு ஒன்றரை வருஷம் இழுத்தது. அவரும் காத்தாயியும் பிள்ளை இல்லாதவர்கள். ஆண்டாயியின் பிள்ளைகள் இரண்டும் அவர் தோளில் தூங்கி வளர்ந்தவை. அவர்களுக்காக லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பக்கத்து அறையைக் கேட்டு வாங்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒழுகின தகரத்துக்குத் தார் பூசி வைத்திருந்தார்.

சிலோனில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பதினாறு வருஷம் கொழுந்து லொறி ஓட்டியவர் பரமசிவன். லொறி படுத்துக்கொண்டால் அடியில் புகுந்து எழுப்பிவிடுகிறவரும் அவரேதான். அந்த ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மேல்கொம்பையில் அவர் கைக்கு வந்தது தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி. அன்று அவரை லாரியில் அனுப்பியதும், வருகிறவர்களின் முகம் தெரிந்த ஆள் என்பதற்காக மட்டும்தான்.

கட்டபெட்டு தாண்டி ஒரு மைல் போயிருப்பார்கள். பரமசிவனுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

ஊங்ங்... என்று, வாய் மூடிக்கொண்டு யாரோ ஒரே சுருதியில் முனகுகிற மாதிரி. என்ஜின் இரைச்சலுக்கு அடியில், தரையோடு தரையாக வந்தது. சின்னராஜ் மேட்டுக்காக வேகத்தைக் குறைத்ததும் சத்தம் தணிந்தது. சமதளம் வந்து வேகம் கூடியதும் சத்தமும் கூடவே ஏறியது.

அவர் பேசாமல் இருந்தார். கோத்தகிரி வரைக்கும் பேசாமலேயே இருந்தார். காது மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. இடது பக்கம் திரும்பும் வளைவுகளில் லாரியின் பாரம் வலது சக்கரத்தின்மேல் சாயும்போது முனகல் கனத்தது. வலது பக்கம் திரும்பும்போது அநேகமாக அடங்கியே போனது. சின்னராஜ் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். அவருக்கு ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை.

டயராக இருக்கட்டும் என்று பரமசிவன் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். கோத்தகிரி கடைவீதி தாண்டியதும், வாயைத் திறக்கவேண்டியதாயிற்று.

"தம்பி, முன்னால ஒரு எரைச்சல் கேக்குதா?"

சின்னராஜ் காதைக் கொடுத்துக் கேட்டார். "ஆமாங்கண்ணா, டயருங்க அது. போன வாரந்தான் முன்னாடி ரெண்டுக்கும் ரீட்ரேட் போட்டோமுங்க. புதுசா ஒட்டுன ரப்பர் அப்படித்தான் கத்தும்."

"டயரா இருந்தா றோட்டுக்குத் தக்கன சத்தம் மாறும் தம்பி. இப்ப வழவழன்னு தார் றோட்டுல வந்தோம், அப்புறம் ஜல்லி பேந்த எடத்துல வந்தோம். ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு."

"அப்ப கியர் பாக்ஸா இருக்குமுங்களா?"

"அந்தா, அங்க நேர் றோடு இருக்குதில்ல. அதுல கொஞ்ச தூரம் நியூட்டர்ல விடு பாப்போம்."

சின்னராஜ் விட்டார். என்ஜின் சத்தம் சட்டென்று கீழே இறங்கியது. முனகல் இறங்கவில்லை. வண்டி உருண்ட வேகத்துக்கு அது அப்படியே உருண்டுகொண்டிருந்தது. இப்போது சின்னராஜுக்கே நன்றாகக் கேட்டது. அவர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

"அரவேணுல டீ குடிச்சிட்டுப் போவோம்" என்றார் பரமசிவன்.

அரவேணுவில் டீக்கடை அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தது. அங்கிருந்து ரோடு மலையை விட்டு இறங்கத் தொடங்கும். குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் வரைக்கும் வளைவுக்குமேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பரமசிவன் டீ வாங்கவில்லை. லாரியைச் சுற்றிவந்து இடது முன்சக்கரத்தின் நடுவில், ஹப்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். மனுஷ உடம்பின் சூடுதான் இருந்தது. வலது பக்கம் போய் வைத்தார். வைத்த வேகத்தில் கையை எடுத்துக்கொண்டார்.

அவர் அந்த இடத்தில் நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் பிற்பாடு பல வருஷங்களுக்கு அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அவர் கணக்கு வழக்கில்லாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். காலி லாரி. பாரம் இல்லை. மெதுவாக இறக்கினால் மேட்டுப்பாளையம் வரைக்கும் தாங்கலாம். அங்கே பட்டறை இருக்கிறது. தாங்கினால் பத்தரைக்கு ஸ்டேஷன். தாங்காவிட்டால் இறுகிப்போன சக்கரம் வளைவில் கழன்று தனியாக ஓடும், அல்லது ஸ்டியரிங் கையைவிட்டுப் போகும். எதிரே பஸ் ஏறி வரும். பக்கத்தில் இந்தப் பிள்ளை சின்னராஜ் இருக்கிறார், கல்யாணமாகி எட்டு மாசம். சின்னராஜுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"தம்பி, பேரிங் போயிருச்சு. வலது பக்கம். ஜாக்கிய எடு" என்றார்.

சின்னராஜ் வாட்சைப் பார்த்தார். "அண்ணா, உங்க தங்கச்சி..."

"ஜாக்கிய எடு தம்பி."

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார்கள். பரமசிவன் ஒரு கையைச் சக்கரத்துக்கு மேலிருந்த பட்டைவில்லின்மேல் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுழற்றினார். மணலை அம்மியில் போட்டு அரைக்கிற அதிர்வு பட்டைவில் வழியாக விரலுக்கு ஏறியது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடக்கூடாத சக்கரம் கடகடவென்று ஆடியது. மூடியைத் தட்டிக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்தபோது, கிரீஸ் கருகி மையாக இருந்தது. அதற்குள் இரும்புத்தூள் மினுமினுத்தது. நட்டைக் கழற்றி ஹப்பை இழுத்ததும் உருளைகளைக் கட்டிப்பிடித்திருக்கும் கூடு துண்டு துண்டாக உதிர்ந்தது. இரண்டு உருளைகள் உடைந்திருந்தன. உள்வளையம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

சின்னராஜ் அந்தத் துண்டுகளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "இதோட எறங்கியிருந்தா..." என்றார். ரோட்டோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மணி ஏழரை. எஸ்டேட் கடிதத்தைச் சின்னராஜிடமிருந்து வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பரமசிவன் பஸ்ஸுக்கு நின்றார். தபாலாபீஸ் திறந்ததும் ஸ்டேஷனுக்கு ட்ரங்க் கால் போட்டுச் சொல்வதாகச் சின்னராஜ் சொன்னார். சொன்னபடி போட்டும் பார்த்தார். மத்தியானம் வரைக்கும் லைன் கிடைக்கவில்லை. பஸ் எட்டேகாலுக்கு வந்தது. படிக்கட்டு வரைக்கும் கூட்டம். தூக்கைத் தலைக்குமேல் பிடித்தபடி பரமசிவன் தொற்றிக்கொண்டார். மேட்டுப்பாளையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறினார். காரமடையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று போகும் என்று இருபது நிமிஷம் நிறுத்தினார்கள். கோயம்புத்தூர் ஸ்டேஷனுக்குள் அவர் ஓடி நுழைந்தபோது கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருந்தது.

பிளாட்பாரம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் கொய்யாப்பழக் கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"சிலோன்காரங்களுங்களா? மங்களூர் வண்டில ஏத்தி உட்டுட்டாங்களே. அந்த ஆபீசர் பாவம், கடைசி வரைக்கும் வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டிருந்தாருங்க. யாரும் வரலீன்னுதான் ஏத்துனாரு."

பரமசிவன் காலியாகக் கிடந்த தண்டவாளத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் தானாகவே சொன்னாள்.

"ஒரு பொம்பளை மட்டும் ஏறமாட்டேன்னு ஒத்தைக்கால்ல நின்னுதுங்க. அண்ணன் வருவாரு, அண்ணன் வருவாருன்னு. புருஷங்காரன் குழந்தைகளத் தூக்கி உள்ள உட்டான். வண்டி நகரவும் தானே ஓடி ஏறிக்கிச்சு."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.  போகும்போது தூக்கை அந்த அம்மாளின் கூடைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் அவர் தனியாக லயத்துக்கு ஏறி வந்தபோது, வழியெல்லாம் ஜனம் நின்றது. எட்டுக் குடும்பத்துக்கும் சொந்தக்காரர்கள் அங்கே இருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவர் அழகையா. பரமசிவனோடு ஒரே கப்பலில் வந்தவர். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டுத் தனிக்கட்டையாக இருந்த அவருக்கு, இருக்கிற ஒரே மகள் அம்சவேணியும் மருமகனும் அந்த வண்டியில்தான் வந்திருந்தார்கள். மகள் முழுகாமல் இருந்தாள்.

நடந்ததைப் பரமசிவன் ஒன்றுவிடாமல் சொன்னார். ஜனம் கேட்டது. சில பெண்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதார்கள்.

"லொறி கவுந்துச்சா?" என்று அழகையா கேட்டார்.

"இல்ல."

"சக்கரம் கழண்டுச்சா?"

"இல்ல அழகையா. கழண்டிருக்கும்."

"கழண்டிருக்கும்" என்று அழகையா திருப்பிச் சொன்னார். "ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு எங்க புள்ளைங்கள ரப்பர் காட்டுக்கு அனுப்பிட்டு வந்து நிக்கிற."

 நடந்துபோன கெடுதலை எல்லாரும் பார்த்தார்கள். நடக்காமல் போனதை அவரால் யாருக்கும் காட்ட முடியவில்லை. மறுநாள் சின்னராஜ் லயத்துக்கே வந்து, உடைந்த துண்டுகளைக் காகிதத்தில் விரித்துக் காண்பித்து, "இவரு இல்லீன்னா நான் இன்னிக்கு உங்க முன்னால நிக்கமாட்டேனுங்க" என்றார். அழகையா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் நிலைமை இன்னும் மோசமானது. மேனேஜர் பரமசிவனைக் கூப்பிட்டு அனுப்பி, கவாத்துக் கத்தியை வைத்துவிட்டு எஸ்டேட் பட்டறையில் பிட்டராகச் சேர்ந்துகொள்ளச் சொன்னார். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் ஆசைப்பட்ட வேலை. அந்தச் செய்தி அவர் வீடு போய்ச் சேருமுன் லயத்துக்குப் போயிருந்தது. "எட்டுக் குடும்பத்த வித்து வேல வாங்கிட்டான்" என்று அழகையா கிணற்றடியில் சொன்னதைக் காத்தாயியே காதால் கேட்டாள்.

பரமசிவன் பட்டறைக்குப் போகவில்லை. மூன்று வாரம் கத்தியைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்கே போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்தாயி அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த வேலைய வேணாங்கிறியே, வேணாம்னா ஆண்டாயி திரும்பி வந்துருவாளா?"

"வரமாட்டா."

"அப்ப யாருக்காக இந்தத் தண்டனை? நீ செஞ்சது தப்பா?"

"தப்பில்ல காத்தாயி. ஆனா சொல்றதுக்கு முன்னால மூணு மைல் வாய மூடிக்கிட்டு வந்தேன். அது யாருக்கும் தெரியாது."

காத்தாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கப்புறம் சொன்னியே" என்றாள். "நாளைக்குப் பட்டறைக்குப் போ."

அவர் போனார்.

சில்வஸ்டர் எட்டுக் குடும்பத்துக்காகவும் மேலே மனு எழுதினார். ஒரு இடத்தில் அமர்த்தியவர்களை இரண்டு வருஷத்துக்கு மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. வைகாசியில் ஆண்டாயியிடமிருந்து முத்துவேல் கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது. எல்லாரும் சுகம், மழை அதிகம், அட்டை அதிகம், விலாசம் இது. அவ்வளவுதான் இருந்தது. கோபமா, பாசமா என்று கண்டுபிடிக்க முடியாதபடி எழுதியிருந்தது. பரமசிவன் அதை எத்தனையோ தடவை படித்தார். லாரி கெட்டுப்போனதைச் சொல்லிப் பதில் கார்டு போட்டார்.

மார்கழியில் பத்து நாள் லீவு கிடைத்தது. சுள்ளியா போய்வருவதென்று முடிவுசெய்தார். கட்டபெட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னால் யாரோ வந்து நின்றார்கள். திரும்பிப் பார்த்தால் அழகையா, தோளில் ஒரு பை.

"அம்சவேணிக்குப் புள்ள பொறந்திருக்காம். பாத்துட்டு வரணும். எனக்கு வழி தெரியாது" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"வாங்க."

கோயம்புத்தூரில் ரயில் ஏறியதிலிருந்து மங்களூரில் இறங்கும் வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டது பத்து வார்த்தை இருக்காது. பரமசிவன் வாங்கிய வடையில் ஒன்றை அழகையாவிடம் நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவர் வாங்கிக்கொண்டார்.

ரப்பர் தோட்டம் தேயிலை மாதிரி வெளிச்சமாக இல்லை. வரிசை வரிசையாக மரம், ஒவ்வொரு மரத்திலும் பால் பிடிக்க ஒரு சிரட்டை, எந்நேரமும் நிழல். புதிதாகப் போட்ட குடியிருப்பு வரிசையில் ஆண்டாயி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. ஓடி வரவில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பரமசிவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தலையில் கைவைத்தார்.

சாப்பிட்டு முடித்து, முத்துவேல் ரப்பர்ப் பால் ஊற்ற ஷெட்டுக்குப் போன பிறகுதான் அவள் பேசினாள்.

"லொறி கெட்டுப்போச்சுன்னு கார்டு போட்டிருந்தியே. உள்ள ஒடஞ்சிருந்துச்சா? நீயே கண்ணால பாத்தியா?"

"பாத்தேன். இந்தக் கையால எடுத்தேன்."

"அண்ணே, மறைக்காம ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு வண்டி நகந்தப்ப ஒன்ன மனசார வஞ்சேன். கண்டதையும் சொல்லி வஞ்சேன். இத்தனை மாசமும் அது நெஞ்சுல கெடந்துச்சு."

"வைய வேண்டியதுதான்" என்றார் பரமசிவன். "நானே என்ன வஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"போதும். நீ வஞ்சது போதும், நான் வஞ்சதும் போதும்." அவள் எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அந்தத் தம்பி, லொறி ஓட்டுனவரு, நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு. ஆவணில பொம்பளப்புள்ள பொறந்துச்சு."

ஆண்டாயி தலையை ஆட்டினாள். அதற்குப்பிறகு அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கவில்லை.

ஐந்து நாள் பரமசிவன் அங்கே இருந்தார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். விடிகாலையில் மரம் சீவப் போகிறவர்களோடு கூடப்போய்ப் பார்த்தார். ஆண்டாயியின் கை வேலைக்குப் பழகியிருந்தது. கத்தி பட்டையில் ஒரே ஓட்டமாகப் போயிற்று, பால் வரி பிடித்து இறங்கியது. அவள் அதை அண்ணனுக்குக் காட்டியபோது முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவள் இங்கேதான் இருப்பாள் என்று அப்போது அவருக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு வருஷம் முடிந்தாலும் இன்னொரு தடவை பெட்டி கட்டச் சொல்லி அவளைக் கேட்க அவருக்கு மனசில்லை.

புறப்படுகிற அன்று அழகையா பை இல்லாமல் வந்தார். தோளில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நான் வரல பரமசிவன். இங்கயே ஏதாவது வேல தர்றேங்கிறாங்க. மக தனியா கஷ்டப்படுறா. சில்வஸ்டர் ஐயாகிட்ட சொல்லிரு."

"சொல்றேன்."

 அழகையா குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "அன்னைக்கு அந்த லொறிலதான் எல்லாரும் மேல ஏறி வந்திருக்கணும். புள்ளத்தாச்சியா இவளும். அத நான் யோசிக்கவே இல்ல" என்றார். "கெணத்தடில சொன்னத காத்தாயி கேட்டுச்சுன்னு தெரியும். அதுகிட்டயும் சொல்லு."

"நீங்களே ஒரு கார்டு போடுங்க அழகையா. அவ சந்தோசப்படுவா."

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் ஆண்டாயியின் சின்ன மகள் பேச்சி மாமன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆறு வயசு. வழியிலிருந்த மரங்களை எண்ணிக்கொண்டே நடந்தாள். ஒந்து, எரடு, மூரு, நாக்கு என்று கன்னடத்தில் எண்ணினாள். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். கட்டபெட்டில் கன்னடம் மாதிரியே பேசும் படகர்கள் மூட்டை எண்ணுவதைக் கேட்டுக் கேட்டு ஏறக்குறைய அந்த எண்கள் பரமசிவனுக்கும் பழக்கம். அவள் பதினைந்துக்குப் பிறகு தடுமாறி நின்றபோது, பதினாறை அவர் எடுத்துக் கொடுத்தார். பேச்சி அவரை அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த மரத்துக்குப் போனாள்.